பிடிஎஃப்பை வேர்டில் திறந்தால் கொழிஞ்சாம்பாறை உடைவது ஏன்?

நோம்பி (கோயில் திருவிழா) சாட்டும் முன்பே எங்கள் கடைக்கு நோட்டீஸ் வேலை வந்துவிடும். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது கொழிஞ்சாம்பாறை. தட்டச்சும் நகலெடுப்பும் பக்க வடிவமைப்பும் என் தொழில். சென்ற முறை கோயில் கமிட்டிப் பெரியவர் ஒருவர் போனை நீட்டினார்.

"தம்பி, போன வருட நோட்டீஸ் இதிலேயே இருக்கிறது. தேதியையும் தலைவர் பெயரையும் மட்டும் மாற்றிக் கொடுங்கள். பத்து நிமிட வேலைதானே?"

வாட்ஸ்அப்பில் கைமாறி வந்த பிடிஎஃப் அது. கணினிக்கு மாற்றி, வேர்டில் திறந்தேன். தலைப்பு வரியில் ஊர்ப்பெயர் 'ெகாழிஞ்சாம்பாைற' என்று நின்றது. 'பொங்கல் விழா' என்பதில் பொங்கல் 'ெபாங்கல்' ஆகியிருந்தது. 'தலைவர்' என்ற சொல் 'தைலவர்' ஆகிவிட்டது. ஓரத்தில் இருந்த பூ வேலைப்பாடு இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது.

"போனில் அழகாகத் தெரிகிறதே. உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறாக இருக்குமோ?" என்றார் பெரியவர்.

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் என் கணினி சரியாகத்தான் இருந்தது, அவர் போனும் சரியாகத்தான் இருந்தது. பிடிஎஃப் எந்த வேலைக்காகப் பிறந்ததோ அதற்கு நேர்மாறான வேலையை அதனிடம் கேட்டிருந்தோம். ஒரே தாளில் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் சேர்ந்து வரும் இந்த எல்லைப் பகுதியில் இந்தச் சிக்கல் அன்றாடம் வருகிறது. அன்று அவரிடம் கடை வாசலில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

வேர்டு, லிப்ரே ஆபிஸ் ரைட்டர் போன்ற சொற்செயலிகளின் கோப்பில் எழுத்துகளோடு அவற்றின் உறவும் பதிவாகிறது. இது தலைப்பு, இது பத்தி, இது அட்டவணையின் இரண்டாம் கட்டம் என்று கோப்புக்குத் தெரியும். அதனால்தான் நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் அடுத்த சொற்கள் தாமாகவே நகர்ந்து இடம் கொடுக்கின்றன.

பிடிஎஃப்புக்குள் அந்த உறவு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அங்கே இருப்பவை வரைவதற்கான கட்டளைகள். இந்த எழுத்துருவை (ஃபாண்ட்) எடு, அளவு 14 புள்ளி, பக்கத்தின் கீழ் இடது மூலையிலிருந்து வலப்புறம் இத்தனை புள்ளி, மேலே இத்தனை புள்ளி போய் இந்த உருவங்களை வரை, பிறகு வேறோர் இடத்துக்குப் போ என்று அது நீளும். ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளி. ஏ4 தாள் ஏறக்குறைய 595 புள்ளி அகலமும் 842 புள்ளி உயரமும் கொண்டது. அந்தப் பரப்பில் எந்த உருவம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்வதுதான் பிடிஎஃப்பின் முதல் கடமை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே நாம் காணும் இடைவெளிகூடப் பல கோப்புகளில் எழுத்தாக இருப்பதில்லை. அடுத்த சொல் சற்றுத் தள்ளி வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

அது இப்படி அமைந்ததற்குக் காரணம் உண்டு. ஜான் வார்னாக், சார்லஸ் கெஷ்கி இருவரும் 1982-ல் தொடங்கிய அடோபி நிறுவனம், பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரித்துச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை உருவாக்கியது. எந்த மென்பொருளில் தயாரான ஆவணத்தையும் எந்தக் கணினியிலும் பார்க்கவும் அச்சிடவும் முடிய வேண்டும் என்று வார்னாக் 1991-ல் 'கேமலாட்' என்ற பெயரில் ஒரு திட்டத்தை வகுத்தார். அது 1993-ல் பிடிஎஃப்பாக வெளிவந்து, 2008-ல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆனது. அனுப்புகிறவர் கண்ட பக்கத்தைப் பெறுகிறவரும் மாறாமல் காண வேண்டும் என்பதே இத்தனை உழைப்பின் நோக்கம். பெரியவரின் போனில் நோட்டீஸ் பூ வேலைப்பாடு உட்பட அப்படியே தெரிந்ததே, அது அந்த உழைப்பின் பலன்.

வேர்டு இந்தக் கோப்பைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்துதான் வேர்டுக்கு இந்த வசதி வந்தது. திறப்பதற்கு முன்பே, இதைத் திருத்தக்கூடிய வேர்டு ஆவணமாக மாற்றப் போகிறேன், மூலத்தைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது என்ற பொருளில் ஓர் அறிவிப்புக் காட்டுகிறது. நாம் அதை வாசிக்காமலே 'சரி' என்று அழுத்திவிடுகிறோம். அந்த அறிவிப்பு சொல்வது முழு உண்மை. வேர்டு அந்தப் பக்கத்தை அளந்து பார்த்து, அதிலிருந்து புதிய ஆவணம் ஒன்றைக் கட்டுகிறது. இந்த இரண்டு உருவங்களுக்கு நடுவே இடம் அதிகம், எனவே புதுச் சொல். இந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே கூடுதல் தூரம், எனவே புதுப் பத்தி. இந்த எண்களெல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நிற்கின்றன, எனவே அட்டவணை. எல்லாமே ஊகம்.

எங்கள் பக்கம் பனைமரம் நிறைய. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்தால் இனிப்பு நீர் கிடைக்கும், நிறம்கூட வரும். பதநீர் வராது. காய்ச்சும்போது போனது போனதுதான். பத்தி, தலைப்பு, அட்டவணை என்ற உறவுகள் பிடிஎஃப் ஆகும்போது ஆவியாகிவிட்டிருந்தால் எந்தச் சொற்செயலியாலும் அவற்றைத் திரும்ப அழைக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். வெறும் பத்திகள் மட்டும் உள்ள ஆங்கிலக் கடிதத்தில் ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. நெருக்கமான கட்டங்கள், இரண்டு பத்தி அமைப்பு, அடிக்குறிப்பு, ஓர அலங்காரம் என்று வந்தால் தடுமாறுகிறது.

லிப்ரே ஆபிஸின் வழி வேறு. அது பிடிஎஃப்பை வழக்கமாகத் தன் ஓவியச் செயலியான டிராவில் திறக்கும். பக்கத்தின் தோற்றம் பெரும்பாலும் கலையாது. ஆனால் ஒவ்வொரு வரியும், சில சமயம் ஒவ்வொரு துண்டும், தனித்தனிப் பெட்டியாக இருக்கும். ஒரு வரியில் சொல்லைச் சேர்த்தால் அது விளிம்பைத் தாண்டி ஓடுமே தவிர அடுத்த வரிக்கு இறங்காது. தேதியில் ஓர் எண்ணை மாற்ற இது போதும், ஒரு பத்தியைத் திருத்தி எழுத உதவாது. வரிப் பெட்டிகளை ஒன்றாகச் சேர்க்கும் கட்டளை பின்னால் வந்த பதிப்புகளில் இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள்தான் பல ஆண்டுகளாகக் கற்பிக்கப்படுகிறது என்பதால், இங்குள்ள பிள்ளைகளுக்கு லிப்ரே ஆபிஸ் நன்கு பழகியது. எனக்கே இதைச் சொல்லிக் கொடுத்தது ஓர் ஒன்பதாம் வகுப்புப் பையன்தான்.

இதுவரை சொன்னது எல்லா மொழிக்கும் பொது. ஊர்ப்பெயர் உடைந்ததற்குக் காரணம் தமிழ் எழுத்தின் அமைப்பில் இருக்கிறது.

'கொ' என்று எழுதுகிறோம். கண்ணுக்குத் தெரிவது மூன்று உருவங்கள்: முதலில் ஒற்றைக் கொம்பு, நடுவில் க, கடைசியில் கால். கணினி எழுத்துகளுக்கான பன்னாட்டுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) அது சேமிக்கப்படும் வரிசை வேறு. முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. நாம் உச்சரிக்கும் முறைப்படி மெய் முன்னும் உயிர் பின்னும் நிற்கின்றன. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது திரையில் வரையும் நேரத்தில் எழுத்துருவும் கணினியும் சேர்ந்து செய்யும் வேலை. கெ, கே, கை, கொ, கோ, கௌ என்ற ஆறு வரிசைகளுக்கும் இதே கதைதான்.

பிடிஎஃப் உருவாவது அந்த வரைதல் முடிந்த பிறகு. அதற்குள் போவது, இடமிருந்து வலமாக வரையப்பட்ட உருவங்களின் வரிசை. கொம்பு, க, கால். ஒவ்வோர் உருவமும் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று சொல்லும் ஒரு பொருத்தப் பட்டியலைக் கோப்புக்குள் வைக்கலாம், பெரும்பாலும் வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியல் ஒவ்வோர் உருவத்துக்கும் பெயர் சொல்கிறதே தவிர, வரிசையை மாற்றிப் படி என்று சொல்வதில்லை. வேர்டு அதை வந்த வரிசையிலேயே எடுத்து வைக்கிறது. மெய்க்கு முன்னால் தனியாக நிற்கும் கொம்பைப் பார்த்ததும், சார்ந்து நிற்க எழுத்தில்லாத குறி என்று திரை அதற்கு ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டுகிறது. கொழிஞ்சாம்பாறைக்கு நேர்ந்தது இதுதான். பக்கத்து ஊர் வேலந்தாவளமும் 'ேவலந்தாவளம்' ஆகிறது. கேரளாவே 'ேகரளா' ஆகிறது.

புள்ளி வட்டம் வந்தால் நல்லது என்றுகூடச் சொல்வேன். தவறு கண்ணில் படும், திருத்திவிடலாம். வட்டம் வராத இடங்கள்தான் எனக்கு அச்சம் தருகின்றன. 'தலைவர்' என்பதில் ஐகாரக் குறி ல-வுக்கு முன்னால் வரையப்படுகிறது. வரிசை மாறாமல் எடுத்து வைத்தால் அதற்கு முன்னே த நிற்கிறது. குறி அந்தத் த-வோடு ஒட்டிக்கொண்டு 'தைலவர்' என்று ஒழுங்கான தோற்றத்தோடு உட்கார்ந்துவிடுகிறது. பனை 'பைன' ஆகும். மலை 'மைல' ஆகும். கலை 'கைல' ஆகும். எந்த எச்சரிக்கைக் குறியும் இருக்காது. அவசரமாக மெய்ப்புப் பார்க்கிறவர் கண்ணுக்கு இவை எளிதில் தப்பிவிடும்.

இன்னொரு வகை இழப்பும் உண்டு. கு, டு, மூ போன்றவை ஒரே உருவமாக எழுத்துருவில் இருக்கின்றன. ஓர் உருவத்துக்கு இரண்டு குறியீடுகளைப் பொருத்தப் பட்டியலில் எழுதலாம். எழுதாமல் விட்டிருந்தால் 'பாலக்காடு' என்பதன் கடைசி எழுத்து வெற்றுக் கட்டமாகிவிடும், அல்லது காணாமலே போகும்.

இதற்கெல்லாம் மாற்று பிடிஎஃப் தரத்திலேயே இருக்கிறது. வரைந்த உருவங்களுக்குப் பின்னால் 'இதன் உண்மையான எழுத்து வரிசை இது' என்று தனியே பதிந்து வைக்கலாம். அந்த வசதியைச் சரியாகப் பயன்படுத்தும் மென்பொருளில் பிறந்த கோப்பிலிருந்து தமிழ் ஒழுங்காகத் திரும்பிவர வழி உண்டு. பயன்படுத்தாத மென்பொருளில் பிறந்தது உடைகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே ஒரு பிடிஎஃப்பைத் திருத்தித் தருகிறேன் என்று ஒப்புக்கொள்ளும் முன், அதிலிருந்து இரண்டு வரிகளை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பார்க்கிறேன். கொம்பும் இரட்டைக் கொம்பும் ஐகாரமும் உகரமும் வரும் வரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரை நிமிடத்தில் கோப்பின் தன்மை தெரிந்துவிடும்.

திருத்தும் வேலையோடு இந்தச் சிக்கல் நின்றுவிடுவதில்லை. உடைந்த வரிசையில் இருக்கும் பிடிஎஃப்பில் 'கொழிஞ்சாம்பாறை' என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பக்கத்தில் ஊர்ப்பெயர் கண்ணெதிரே இருந்தும் அந்தப் பெயரில் ஊரே இல்லை என்று கணினி சொல்லும். பார்வையற்றவர்களுக்காக வாசிக்கும் மென்பொருள் அதைக் குழறி வாசிக்கும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கும் ஆட்சிமொழிச் சட்டம் கேரளாவில் 1969-ல் வந்தது. பிள்ளைகள் எஸ்எஸ்எல்சி தேர்வைத் தமிழிலேயே எழுதுகிறார்கள். இப்படி உரிமையோடு பெற்ற தமிழ் ஆவணங்கள், தேடினால் கிடைக்காத வெறும் படங்களாகச் சேர்ந்துகொண்டே போவதை என்னால் சிறு விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மலையாளத்துக்கும் இதே நோய் உண்டு. அங்கும் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு இடப்புறம் நிற்கின்றன. அதற்கு மேல் சில்லெழுத்துகள் வேறு. ன், ர், ல் போன்ற ஒலிகளுக்கு மலையாளத்தில் தனி வடிவங்கள் உண்டு. 2008-ல் வந்த ஒருங்குறி 5.1 பதிப்பில்தான் அவற்றுக்குத் தனி இடங்கள் கிடைத்தன. அதற்கு முன் தட்டச்சு செய்தவற்றில் மெய், சந்திரக்கலை (நம் மெய்யெழுத்துப் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி என மூன்றைச் சேர்த்து அதே வடிவத்தைக் காட்டினார்கள். ஒரே பெயர் பழைய கோப்பில் ஒரு வகையாகவும் புதிய கோப்பில் வேறு வகையாகவும் இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமல் போகலாம்.

ஆந்திர எல்லையில் கதை கொஞ்சம் மாறும். அங்கும் ஒரு சித்தூர் இருக்கிறது, எங்கள் தாலுகாவின் பெயரும் சித்தூர். இரண்டு எல்லையிலும் ஒரே பெயர், இரண்டு இடத்திலும் தமிழர்கள். தெலுங்கில் இடப்புறம் நிற்கும் உயிர்க்குறியே இல்லாததால் கொம்புத் தொல்லை அந்த மொழிக்கு இல்லை. அதற்குப் பதிலாக, ஓர் எழுத்தின் காலடியில் இன்னோர் எழுத்து ஒட்டி நிற்கும் கூட்டெழுத்துகள் ஏராளம். அந்த அடியெழுத்து உருவங்களுக்குப் பொருத்தப் பட்டியல் சரியாக இல்லையென்றால் அவை உதிர்ந்துவிடும். ஆகவே நகரி, புத்தூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்த நோட்டீஸைத் திறப்பவர், ஒரே பக்கத்தில் இருவேறு விதமான உடைவுகளைக் காணலாம்.

பழைய எழுத்துருக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அச்சகங்களில் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்றவை ஒருங்குறி பரவுவதற்கு முன் வந்தவை. இவற்றில் பலவும் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தன. தமிழ்நாடு அரசு 1999-ல் டாம், டாப் என்ற எழுத்துக் குறியீட்டுத் தரங்களை அறிவித்து ஒழுங்குபடுத்த முயன்றது. 2010-ல் ஒருங்குறியையே தரமாக ஏற்றது. அந்தப் பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பை வேர்டில் திறந்தால், அதே எழுத்துரு உங்கள் கணினியில் இல்லாத நிலையில், பொருளற்ற ஆங்கிலக் குவியல்தான் வரும். மலையாள அச்சகங்களிலும் தெலுங்கு அச்சகங்களிலும் இதே போன்ற பழைய எழுத்துருக்கள் புழங்குகின்றன. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளில் போட்டால் தமிழ்க் குவியல் தமிழாகும், எந்த எழுத்துரு என்று முதலில் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால்.

ஸ்கேன் செய்த தாள் பிடிஎஃப்பாக வந்தால் அதில் எழுத்தே கிடையாது, புகைப்படம்தான். படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் மென்பொருள் வேண்டும். எச்பி நிறுவனத்தில் உருவாகி 2005-ல் திறந்த மூலமாக வெளியான டெசராக்ட், தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றையும் வாசிக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று மொழிகள் கலந்திருந்தால் அவற்றைச் சேர்த்தே வாசிக்கச் சொல்லலாம். கூகுள் டாக்ஸும் இந்த வேலையைச் செய்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி (டிபிஐ) என்ற தெளிவில் ஸ்கேன் செய்தால் தவறு குறையும். கால் 'ர' ஆவதும் புள்ளி விழுந்துபோவதும் நான் அடிக்கடி காணும் பிழைகள். உடைந்த வரிசையில் இருக்கும் பிடிஎஃப்புக்கும் இந்த வழி உதவுகிறது. பக்கத்தைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை வாசிக்க விட்டால், உள்ளே இருக்கும் குழம்பிய வரிசை குறுக்கே வராது. நீளமான கோப்புகளுக்கு நான் இப்போது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன்.

உடைந்த வரிசையைத் தேடு, மாற்று கட்டளையால் சரிசெய்யலாமே என்று கணினி தெரிந்தவர்கள் கேட்பார்கள். முடியும். 'கொம்பு, அடுத்து ஒரு மெய்' என்று வரும் இடங்களையெல்லாம் 'மெய், அடுத்து கொம்பு' என்று புரட்டிப் போட லிப்ரே ஆபிஸில் வழி இருக்கிறது. க, கொம்பு, கால் என்று வந்துவிட்டால் கொம்பும் காலும் சேர்ந்தது ஒகரக் குறிக்குச் சமம் என்பதை ஒருங்குறியே ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஆவணம் முழுவதும் ஒரே விதமாகப் புரண்டிருந்தால்தான் இது சரிவரும். நான்கு வரி நீங்கள் கையால் திருத்திவிட்டு அதன்பின் இந்தக் கட்டளையைக் கொடுத்தால், திருத்திய நான்கு வரியும் புதிதாக உடையும். முதலில் கட்டளை, பிறகு கைத்திருத்தம், அதுவும் கட்டளை ஒரே ஒரு முறை. நகலை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

வேர்டை விட்டுவிட்டு, பிடிஎஃப்பை நேரடியாகத் திருத்தும் மென்பொருளை வாங்கிவிட்டால் தீர்ந்ததா என்றும் கேட்கிறார்கள். அங்கே வேறொரு சுவர் வரும். கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, எழுத்துருவில் அந்த ஆவணம் பயன்படுத்திய உருவங்களை மட்டும் உள்ளே வைப்பது வழக்கம். போன வருடத் தலைவர் பெயரில் 'ழ' இல்லை, நோட்டீஸில் வேறெங்கும் அது வரவில்லை, புதிய தலைவர் பெயரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் எழுத்து கோப்பிலேயே இல்லை. உங்கள் கணினியிலும் அந்த எழுத்துரு இல்லையென்றால், அது மட்டும் வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

சான்றிதழ்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க் கல்லூரியில் மகளைச் சேர்க்கப் போன ஒரு தாய், வருமானச் சான்றிதழில் தலைப்பெழுத்து தவறாக இருப்பதைக் காட்டி, "ஓர் எழுத்துதானே அண்ணா, மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டார். பெயர் தமிழிலிருந்து மலையாளத்துக்கும் அங்கிருந்து ஆங்கிலத்துக்கும் போவதால் இத்தகைய பிழைகள் எல்லையில் சாதாரணம், தவறு அவருடையதும் இல்லை. இருந்தாலும் மறுத்தேன். அரசுச் சான்றிதழில் கைவைப்பது குற்றம். அதோடு, அதிலுள்ள மின்னணுக் கையொப்பம் கோப்பின் உள்ளடக்கத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பளிப்பதே, கையெழுத்திட்ட பிறகு எழுத்து மாறினால் அது காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான். சொற்செயலியில் திறந்து மறுபடி பிடிஎஃப்பாக்கினால் கையொப்பம் கோப்போடு வரவே வராது. மிஞ்சுவது சான்றிதழைப் போன்ற ஒரு படம். அவரை அக்ஷயா மையத்துக்கு (கேரள அரசின் இணையச் சேவை மையம்) அனுப்பி, திருத்த விண்ணப்பம் கொடுக்கச் சொன்னேன். சில நாள் அலைச்சல்தான், ஆனால் அந்தப் பெண்ணின் சேர்க்கை பின்னாளில் கேள்விக்குள்ளாகாது.

ஆதார் எண்ணைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்துத் தரும்படியும் கேட்கிறார்கள். வேர்டிலோ டிராவிலோ எண்ணின் மேல் கட்டத்தை வரைந்து பிடிஎஃப்பாக்கினால் எண் அழிவதில்லை. கட்டத்துக்கு அடியில் அப்படியே கிடக்கும். தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் வந்துவிடும். பிடிஎஃப்பில் திருத்தத்தைப் பழைய உள்ளடக்கத்தின் பின்னால் சேர்த்து எழுதும் முறையும் இருப்பதால், முந்தைய வடிவம் கோப்புக்குள்ளேயே தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. எண்ணை முதலில் நீக்கிவிட்டுப் பிறகு பிடிஎஃப்பாக்குங்கள். இல்லையென்றால் பக்கத்தையே படமாக மாற்றித் தரும் வசதி 2019-ல் வந்த லிப்ரே ஆபிஸ் 6.3-லிருந்து இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். நோட்டீஸை முதலில் தட்டச்சு செய்தபோது ஒரு மூலக் கோப்பு இருந்தது. அச்சகம் பிடிஎஃப்பை மட்டும் கொடுத்தது, கமிட்டியும் அது போதும் என்று வாங்கிக்கொண்டது. அந்த அச்சகத்துக்கு நானே போன் செய்து கேட்டேன். ஹார்டு டிஸ்க் மாற்றியபோது பழையது போய்விட்டது என்றார்கள். வேலை கொடுப்பவர்கள் பிடிஎஃப்போடு மூலத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பணம் கொடுத்துச் செய்த எழுத்து அவர்களுடையது. நாங்களும் கேட்காமலே கொடுக்கப் பழக வேண்டும். எங்கள் தொழிலில் சிலர், மூலத்தைக் கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் வேலை வராது என்று அதைப் பிடித்து வைக்கிறார்கள். அது சரியல்ல என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

இரண்டையும் ஒரே கோப்பாகக் கொடுக்கவும் வழி உண்டு. லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்யும் சாளரத்தில், மூல ஆவணத்தைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து வைக்கும் கலப்புப் பிடிஎஃப் என்ற தேர்வு இருக்கிறது. போனில் திறந்தால் சாதாரணப் பிடிஎஃப்பாகவே தெரியும். லிப்ரே ஆபிஸில் திறந்தால் உள்ளே இருக்கும் மூலமே விரியும். பத்தி பத்தியாகவும், அட்டவணை அட்டவணையாகவும், கொழிஞ்சாம்பாறை கொழிஞ்சாம்பாறையாகவும் வரும். ஊகத்துக்கு அங்கே வேலையே இல்லை. வேர்டு மட்டும் பழகியவர்கள் வேர்டின் மூலக் கோப்பான டாக்எக்ஸ் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளலாம். பிடிஎஃப்பாக்கும்போது அச்சுப்பொறி வழியாகப் போகாமல் 'பிடிஎஃப்பாகச் சேமி' என்ற வழியில் போனால், தலைப்பு, பத்தி என்ற குறிப்புகளையும் உள்ளே சேர்த்து வைக்க முடியும். பிறகு யாராவது சொற்செயலியில் திறக்க நேர்ந்தால் ஊகிக்க வேண்டியது குறையும்.

பெரியவரின் நோட்டீஸை அன்று புதிதாகவே தட்டச்சு செய்தேன். பத்து நிமிடம் ஒன்றரை மணி நேரமானது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, போனில் இருந்த பழைய நோட்டீஸை வரி வரியாக வாசித்துச் சொன்னார். கட்டளைதாரர்கள் பெயர்களைச் சொல்லும்போது, இறந்துபோன இருவர் பெயரை அவரே நிறுத்திச் சொல்லி எடுக்கச் சொன்னார். முடிந்ததும் கலப்புப் பிடிஎஃப் ஒன்றும், ரைட்டர் கோப்பு ஒன்றும் அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். "இரண்டில் எதைத் தம்பி அடுத்த வருடம் கொண்டுவர வேண்டும்?" என்று கேட்டார். ரைட்டர் கோப்பின் பெயரை 'நோம்பி நோட்டீஸ் மூலம், அழிக்க வேண்டாம்' என்று மாற்றி, கமிட்டிச் செயலாளருக்கும் ஒரு பிரதி அனுப்பிவைத்தோம்.